பழைய யூஎம்எல் வரைகருவி: முகப்பை எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

பெட்டியும்கோடும் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. விவரம் இல்லாமல் கேட்டால் உங்களாலும் பொதுவாகத்தான் சொல்ல முடியும் என்பதால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒரு யூஎம்எல் வரைகருவி, அதாவது மென்பொருளின் அமைப்பைப் பெட்டியும் கோடுமாக வரைந்து பார்க்கும் கருவி. 2004-இல் ஜாவா மொழியின் முகப்பு நூலகமான ஸ்விங்கில் தொடங்கியது. முதலில் எழுதியவர்கள் யாரும் இப்போது இதில் இல்லை. மூன்று வருடமாக நான் ஒருவன்தான். உள்ளே இருக்கும் மாடல் பகுதி, அதாவது வரைந்தவற்றின் தரவை வைத்திருக்கும் பகுதி, நல்ல உறுதி. 2005-இல் யூஎம்எல் 2.0 வந்தபோது சிரமப்பட்டு முழுதாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். கோப்பு கெட்டுப்போனது, சேமித்தது காணவில்லை என்று ஒரு புகார்கூட என்னிடம் வந்ததில்லை. அந்த நிரலின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. கஷ்டமெல்லாம் முகப்பில்தான்.

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தோழி ஒருவர் இதில் வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வேலை சின்னது. ‘ஆர்டர்’ என்று ஒரு க்ளாஸ் (படத்தில் ஒரு பெட்டி), அதற்கு மூன்று அட்ரிபியூட் (பெட்டிக்குள் வரும் விவர வரிகள்), ஏற்கெனவே படத்தில் இருக்கும் ‘வாடிக்கையாளர்’ க்ளாஸுக்கு ஒரு கோடு, கோட்டின் இரு முனையிலும் எண்ணிக்கை.

டூல்பாரில் க்ளாஸ் ஐகானைத் தேடி க்ளிக் செய்தார். கேன்வாஸில் க்ளிக் செய்தார். ‘க்ளாஸ்1’ என்ற பெயரோடு பெட்டி வந்தது. பெயரை மாற்ற அப்படியே தட்டச்சு செய்தார், ஒன்றும் நடக்கவில்லை. டபுள் க்ளிக் செய்த பிறகு டயலாக் திறந்தது. பெயர்க் கட்டத்தில் ஃபோகஸ் இல்லை, அதற்கு ஒரு க்ளிக். அட்ரிபியூட் சேர்க்க இரண்டாவது பக்கத்துக்குப் போய் ‘சேர்’ பட்டனை அழுத்தினால், அந்த டயலாக்கின் மேல் இன்னொரு டயலாக். அதில் பெயர், வகை, விசிபிலிட்டி (வெளி நிரல் அதைப் பார்க்கலாமா என்பது). ஓகே. மறுபடி ‘சேர்’. இவ்வளவு நேரமும் டயலாக் படத்தை மறைத்துக்கொண்டே நிற்கிறது. ‘வாடிக்கையாளர்’ பெட்டியில் அடையாள எண்ணுக்கு என்ன வகை போட்டிருந்தோம் என்று எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை. மூன்றாவது அட்ரிபியூட்டுக்கு வந்தபோது அவர் மவுஸை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த நோட்டை இழுத்து, மீதிப் படத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டார். “முதலில் யோசித்து முடித்துவிடுகிறேன், அப்புறம் இதில் ஏற்றிவிடுகிறேன்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, இயல்பாகத்தான் சொன்னார்.

அது இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. யோசிப்பதற்காகச் செய்த கருவி, யோசித்து முடித்ததை நிரப்பும் படிவமாகிவிட்டது.

மற்ற சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். அண்டூ பாதிதான் வேலை செய்கிறது. பெட்டியை நகர்த்தியதைத் திரும்பப் பெறலாம், அழித்ததைத் திரும்பப் பெற முடியாது. டெலீட் கீயை அழுத்தினால் படத்திலிருந்து மட்டும் போகிறதா, மாடலிலிருந்தே போகிறதா என்பது எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஐகான் எல்லாம் 16 பிக்சல் படங்கள், புதிய திரைகளில் கடுகு மாதிரித் தெரிகின்றன. ஐந்து பெட்டி வரைய வேண்டுமென்றால் ஐந்து முறை டூல்பாருக்குப் போய்வர வேண்டும், ஒன்று வரைந்ததும் கருவி தேர்வு நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

முழு முகப்பையும் தூக்கிப் போட்டுவிட்டு பிரவுசரில் புதிதாக எழுதலாமா என்று யோசிக்கிறேன். ஒரு வருடமாவது ஆகும். அதுவரை இப்போது பயன்படுத்துபவர்களுக்கு எதுவும் கிடைக்காது. இன்னொரு பக்கம், பத்து வருடத்துக்கு மேலாக இதில் பழகியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கை கெட்டுவிடக் கூடாது. இந்த மாதிரிப் பழைய வரைகருவிகளில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள், எதை முதலில் தொடுவது?

நிறுத்துகடிகாரம் எழுதியது:

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் இந்த வேலையில் பாதி. அந்த நோட்டும் பென்சிலும் உங்களுக்கு ஒரு பெரிய தகவல். அதை விட்டுவிடாதீர்கள்.

தாமஸ் கிரீன் என்ற ஆய்வாளர் 1989-இல் இதற்கென்றே சில சொற்களைக் கொடுத்தார். பின்பு 1996-இல் மரியன் பெட்ரேயோடு சேர்ந்து, படமாக வரையும் நிரல்மொழிகளை அதே சொற்களை வைத்து அலசினார். அவற்றில் இரண்டு உங்கள் கதைக்கு நேராகப் பொருந்தும். ஒன்று பிசுபிசுப்பு. மனதில் ஒரே மாற்றம்தான், ஆனால் அதைச் செய்ய கருவியில் இருபது அசைவு வேண்டியிருக்கிறது என்றால் கருவி பிசுபிசுப்பாக இருக்கிறது. இன்னொன்று, நேரம் வரும் முன்பே முடிவு கேட்பது. உங்கள் உள் டயலாக் வகையையும் விசிபிலிட்டியையும் அப்போதே கேட்கிறது. அவருக்கோ ‘விலை’ என்று ஒன்று இருக்கும் என்பது மட்டும்தான் அப்போது தெரியும். பென்சில் அதைக் கேட்கவில்லை, அதனால்தான் அவர் பென்சிலுக்குப் போனார்.

சரி, எண்ணிப் பார்ப்போம். கார்ட், மோரன், நியூவெல் மூவரும் 1980-இல் வெளியிட்ட கீஸ்ட்ரோக் லெவல் மாடல், அதாவது கை அசைவுகளை எண்ணி ஒரு வேலைக்கு எத்தனை விநாடி ஆகும் என்று கணக்கிடும் முறை, இன்னும் கைகொடுக்கிறது. சராசரியாகத் தட்டச்சு செய்பவருக்கு ஒரு கீ 0.28 விநாடி. மவுஸை ஓர் இலக்குக்குக் கொண்டுபோக 1.1. க்ளிக் 0.2. கையை மவுஸிலிருந்து கீபோர்டுக்கோ திரும்பவோ கொண்டுபோக 0.4. அடுத்து என்ன என்று மனதைத் தயார் செய்ய 1.35.

உங்கள் உள் டயலாக்கில் ஓர் அட்ரிபியூட்: ‘சேர்’ பட்டன், வகைப் பட்டியலைத் திறக்க, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, விசிபிலிட்டியைத் திறக்க, தேர்ந்தெடுக்க, ஓகே. ஆறு முறை மவுஸ் இலக்கும் க்ளிக்கும், 7.8 விநாடி. கை மாறுவது இரண்டு முறை, 0.8. ஆறு எழுத்துப் பெயர், 1.68. மனத் தயாரிப்பு மூன்று என்று வைத்தால் 4.05. மொத்தம் 14.33 விநாடி.

இப்போது அதையே பெட்டிக்குள்ளேயே தட்டச்சு செய்தால்? கழித்தல் குறி, ஆறு எழுத்துப் பெயர், முக்காற்புள்ளி, நான்கு எழுத்து வகை, என்டர், முக்காற்புள்ளிக்கு ஷிஃப்ட் ஒன்று. 14 கீ, 3.92 விநாடி. மனத் தயாரிப்பு ஒன்று, 1.35. மொத்தம் 5.27.

இந்தக் கணக்கு, பழகியவர் தவறில்லாமல் செய்யும் நேரத்தைத்தான் சொல்லும், புதியவர் தேடும் நேரம் அதில் வராது. ஆனால் எங்கே கை வைத்தால் பலன் அதிகம் என்று ஒப்பிட அது போதும். ஓர் அட்ரிபியூட்டுக்கு ஒன்பது விநாடி மிச்சம். பத்து க்ளாஸ், க்ளாஸுக்கு ஐந்து என்றால் ஒரே படத்தில் ஏழரை நிமிடம்.

விநாடியைவிட முக்கியமான ஒன்று: கண் படத்தை விட்டு விலகுவதில்லை. யூஎம்எல்லே இதற்கு எழுத்து வடிவம் வைத்திருக்கிறது. விசிபிலிட்டிக் குறி, பெயர், முக்காற்புள்ளி, வகை. பெட்டிக்குள் அவர்கள் தினமும் படிப்பது அதைத்தான். படிக்கிற அதே வடிவத்தில் எழுத விடுங்கள், புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஐகானைப் பற்றி ஒன்று. 2004-இல் 1024-க்கு 768 திரையில் டூல்பார் எப்போதும் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இன்று 2560 பிக்சல் அகலத் திரையில் அதே டூல்பார் அதே மூலையில். இலக்கு தூரமாகவும் சின்னதாகவும் ஆக ஆக அதை எட்டும் நேரம் கூடும் என்று பால் ஃபிட்ஸ் 1954-லேயே அளந்து சொல்லிவிட்டார். உங்கள் கருவியில் யாரும் எதையும் மாற்றாமலே இரண்டும் மோசமாகியிருக்கின்றன. ஐகானைப் பெரிதாக்குவது பாதி மருந்துதான். டூல்பாருக்குப் போகவே தேவையில்லாமல் செய்வது முழு மருந்து. தேர்ந்தெடுத்த பெட்டியின் ஓரத்திலேயே ஒரு சின்னப் பிடி வையுங்கள். அதைப் பிடித்து இழுத்து இன்னொரு பெட்டியில் விட்டால் கோடு, காலி இடத்தில் விட்டால் புதுப் பெட்டியும் கோடும்.

மொத்தமாக மாற்றி எழுத வேண்டாம். முதலில் இந்த ஒரு பாதையை மட்டும் சரிசெய்யுங்கள்: பெட்டி, பெயர், அட்ரிபியூட், கோடு.

பழையஜாவா எழுதியது:

மேலே சொன்னது சரி, ஆனால் வரிசையில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அண்டூ முதலில். அது சரியாகாமல் பெட்டிக்குள் எழுதும் வசதியைக் கொடுத்தீர்களானால், வேகமாகத் தவறு செய்யும் வசதியைக் கொடுத்ததாகிவிடும். திரும்பப் பெற முடியாது என்று தெரிந்த இடத்தில் யாரும் எதையும் முயன்று பார்க்க மாட்டார்கள். உங்கள் தோழி பென்சிலுக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பென்சிலோடு ரப்பரும் வருகிறதல்லவா.

நான் இதே மாதிரி ஒரு ஸ்விங் கருவியில் அண்டூவைப் பின்னால் சேர்த்திருக்கிறேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியாக ‘செய்’, ‘திரும்பப் பெறு’ என்று எழுதத் தொடங்கினேன். நாற்பதாவது செயலில் கைவிட்டேன். க்ளாஸை அழித்தால் அதோடு ஐந்து படங்களிலிருந்து பெட்டி போகிறது, அவற்றைத் தொட்ட கோடுகள் போகின்றன, கோட்டின் மேல் எழுதிய குறிப்புகள் போகின்றன. அதையெல்லாம் கையால் திரும்பக் கட்டுவது நடக்காத காரியம். அப்புறம் வேறு வழி பிடித்தேன். மாடலில் எந்த மாற்றம் நடந்தாலும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டையும் சுமந்து ஒரு ஈவண்ட் (மாற்றம் நடந்தது என்ற அறிவிப்பு) வருகிறதா பாருங்கள். வருகிறதென்றால் பாதி வேலை முடிந்தது. பயனர் செயல் ஒன்று தொடங்கும்போது பதிவைத் திறந்து, முடியும்போது மூடுங்கள். இடையில் வந்த ஈவண்ட்கள் எல்லாம் ஒரே கட்டு. அண்டூ என்றால் அந்தக் கட்டைத் தலைகீழ் வரிசையில் பழைய மதிப்புகளோடு திரும்பப் போடுவது. திரும்பப் போடும்போது பதிவை நிறுத்திவைக்க மறக்காதீர்கள், மறந்தால் அண்டூவே ஒரு புது மாற்றமாகப் பதிவாகும்.

இதில் நான் இரண்டு நாள் தேடிய பிழை ஒன்று உண்டு. அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும்போது, அதே மதிப்புகளோடு புதிய பொருளை உருவாக்கினேன். பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் அதற்கு முன்பு செய்த மாற்றங்கள் பழைய பொருளைச் சுட்டிக்கொண்டிருந்தன. இன்னொரு முறை அண்டூ அழுத்தினால் இல்லாத பெட்டியின் பெயர் மாறியது, திரையில் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் அழிப்பது என்றால் மாடலிலிருந்து கழற்றி ஓரமாக வைப்பது மட்டும்தான். திரும்ப வரும்போது அதே பொருள், அதே அடையாள எண்ணோடு வர வேண்டும்.

அடுக்கிவைக்க ஸ்விங்கிலேயே அண்டூமேனேஜர் இருக்கிறது, புதிதாக எழுத வேண்டாம். அது இயல்பாக 100 செயல்களை மட்டும்தான் வைத்திருக்கும், வரம்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். பல மாற்றங்களை ஒன்றாகக் கட்ட காம்பவுண்ட்எடிட். பெட்டியை இழுக்கும்போது மவுஸ் நகர்வு ஒவ்வொன்றும் தனி மாற்றமாகப் பதியாமல், மவுஸை விடும்போது ஒன்றாகப் பதியட்டும்.

திரை விஷயம் எளிது. 2017-இல் வந்த ஜாவா 9-இலிருந்து விண்டோஸிலும் லினக்ஸிலும் திரையின் பெருக்க அளவை ஸ்விங் தானாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் இன்னும் ஜாவா 8-இல் இருந்தால் மேலே வாருங்கள். தோற்றத்துக்கு ஃப்ளாட்லாஃப் என்ற நூலகம் நன்றாக இருக்கிறது, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி ஐகானும் போடலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: கேன்வாஸை முதலில் நினைவகத்தில் இருக்கும் ஒரு படத்தில் (பஃபர்டு இமேஜ்) வரைந்து அப்புறம் திரைக்கு ஒட்டுகிறீர்களா? பழைய கருவிகளில் வேகத்துக்காக அப்படிச் செய்திருப்பார்கள். அந்த இமேஜ் பழைய அளவிலேயே உருவாகும், எல்லா எழுத்தும் மங்கலாகத் தெரியும்.

எழுத்தேபோதும் எழுதியது:

பெட்டிக்குள் தட்டச்சு செய்வது நல்லதென்றால், முழுப் படத்தையும் ஏன் தட்டச்சு செய்யக் கூடாது? நான் நான்கு வருடமாக எதையும் கையால் வரைவதில்லை. எழுத்தைப் படமாக்கும் ப்ளாண்ட்யூஎம்எல்லில் எழுதுகிறேன், கோட்டையும் பெட்டியையும் கிராஃப்விஸ் என்ற மென்பொருள் அடுக்கிக்கொள்கிறது. சின்னப் படமென்றால் அதே மாதிரியான மெர்மெய்ட். கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் வைத்தால் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று தெளிவாகத் தெரிகிறது. உங்கள் கருவி சேமிக்கும் எக்ஸ்எம்ஐ கோப்பில் ஒரு பெட்டியைப் பத்துப் பிக்சல் நகர்த்தினால் எத்தனை வரி மாறுகிறது என்று பாருங்கள். உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. வரைவதையே விட்டுவிடுவதும் ஒரு வழி என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

அட்டவணைக்காரி எழுதியது:

நான் நிரலாளர் இல்லை, தரவுத்தள வடிவமைப்பு என் வேலை. பன்னிரண்டு வருடமாக இதே வயதுடைய ஒரு வரைகருவியில்தான் இருக்கிறேன். நீங்கள் ‘பழகியவர்கள்’ என்று சொல்லும் கூட்டத்தில் என்னை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தேபோதும் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். என் முக்கியப் படத்தில் 140 அட்டவணைகள். இடது ஓரம் முழுக்க நாங்கள் தொடக்கூடாத, வெளியிலிருந்து வரும் தரவு. நடுவில் தினசரி பரிவர்த்தனை. வலப்பக்கம் அறிக்கைகள். கீழே ஒரு மூலையில், ஒழிக்க வேண்டும் என்று முடிவாகி இன்னும் ஒழியாதவை. இது எதுவும் எந்த அட்டவணையின் விவரத்திலும் எழுதப்படவில்லை. இடம்தான் அந்தச் செய்தி. கூட்டத்தில் யாராவது கேட்டால் எண்ணாமலே அந்த மூலைக்குக் கை போகும். எழுத்திலிருந்து தானாக அடுக்கினால், ஓர் அட்டவணை புதிதாகச் சேர்ந்ததும் மொத்தமும் இடம் மாறிவிடுகிறது. ஒருமுறை என் கருவியில் ‘தானாக அடுக்கு’ பட்டனைத் தவறிப்போய் அழுத்திவிட்டேன். அண்டூ இல்லை. சேமித்த பழைய கோப்புக்குத் திரும்பி அன்றைய அரை நாள் வேலையை மறுபடி செய்தேன். அதனால் அண்டூ முதலில் என்ற கட்சியில் நானும் சேர்கிறேன்.

தானாக அடுக்குவது வேண்டாம் என்று சொல்லவில்லை. கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதுதான் படத்தைப் படிக்க விடாமல் செய்யும் பெரிய தொல்லை. வளைவு, சமச்சீர் எல்லாம் அதற்குப் பின்னால்தான் என்று ஹெலன் பர்ச்சேஸ் 1997-இல் ஆட்களை வைத்துச் சோதித்துக் காட்டியிருக்கிறார். என் அனுபவமும் அதேதான். ஆனால் எனக்கு வேண்டியது, நான் தேர்ந்தெடுத்த எட்டுப் பெட்டிகளுக்கு இடையே மட்டும் வெட்டைக் குறைத்துக்கொடு, மற்றதைத் தொடாதே என்பது. புதிய பெட்டி வந்தால் அதற்கு மட்டும் இடம் தேடு. நான் வைத்தது வைத்த இடத்தில் இருக்கட்டும்.

அந்த டயலாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் அதைத் திட்டுகிறீர்கள். என் கருவியிலும் அதே மாதிரி ஒன்று உண்டு, எனக்கு அது பிடிக்கும், ஒரு காரியத்துக்கு மட்டும். ஓர் அட்டவணையின் முப்பது நெடுவரிசைக்கும் விளக்கம், நீளம், இயல்பு மதிப்பு எல்லாம் உட்கார்ந்து நிரப்பும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு டேப் கீயை மட்டும் தட்டிக்கொண்டே கண் மூடிப் போவேன். நான்காவது தட்டில் நீளம், ஐந்தாவதில் விளக்கம். கை அப்படிப் பழகியிருக்கிறது. யோசிக்கும் நாளுக்குப் பெட்டிக்குள் எழுதுவதைக் கொடுங்கள், நிரப்பும் நாளுக்கு டயலாக்கை அப்படியே விடுங்கள். அதில் ஒரு கட்டத்தைக்கூட இடம் மாற்றாதீர்கள், தயவுசெய்து.

பெட்டியும்கோடும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிரவுசரில் புதிதாக எழுதும் யோசனையை விட்டுவிட்டேன். அட்டவணைக்காரி சொன்னதைப் படித்த பிறகுதான், என் பயனர்களில் இரண்டு வகை ஆட்கள் இல்லை, ஒரே ஆளுக்கு இரண்டு வகை நாட்கள் இருக்கின்றன என்று புரிந்தது. எழுத்தேபோதும், கிட் பற்றி நீங்கள் சொன்னதைச் சோதித்தேன். ஒரு பெட்டியை நகர்த்தியதற்கு அறுநூற்றுச் சொச்சம் வரி மாறியிருந்தது. சேமிக்கும் நிரல், வரிசை நிலையில்லாத ஹாஷ்மேப் என்ற தரவு அமைப்பிலிருந்து எடுத்து எழுதுகிறது, ஒவ்வொரு முறையும் வரிசை வேறு. அடையாள எண்படி வரிசைப்படுத்தி எழுத வைத்தேன், இப்போது இரண்டு வரிதான் மாறுகிறது. ஒரே மாலை வேலை. இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் பார்த்ததில்லை.

வேலையை ஆரம்பிக்கிறேன். முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.

பெட்டியும்கோடும் எழுதியது (பத்து வாரம் கழித்து):

சொன்னபடி வந்துவிட்டேன்.

அண்டூவில்தான் ஐந்து வாரம் போனது. பழையஜாவா சொன்ன வழியே சென்றேன். மாடலில் ஈவண்ட் வருகிறது, நல்லது. ஆனால் படம் வரையும் பகுதி பதினேழு இடங்களில் ஈவண்ட் இல்லாமல் நேராகப் போய் மதிப்பை மாற்றிக்கொண்டிருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை எழுதினேன். ஏதாவது ஒரு செயலைச் செய், அண்டூ அழுத்து, சேமி, முன்பு சேமித்த கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு. கோப்பை வரிசைப்படுத்தி எழுத வைத்தது அங்கே கைகொடுத்தது, இல்லாவிட்டால் ஒப்பிட்டே இருக்க முடியாது. ‘அதே பொருள் திரும்ப வர வேண்டும்’ என்ற எச்சரிக்கைக்குத் தனி நன்றி. நானும் புதிய பொருளைத்தான் உருவாக்கியிருப்பேன்.

அண்டூ உறுதியானதும் இன்னொரு நல்லது நடந்தது. “நிச்சயமாக அழிக்கவா?” என்று கேட்கும் டயலாக்குகளை எடுத்துவிட முடிந்தது. டெலீட் கீ இப்போது எப்போதும் ஒரே அர்த்தம்தான்: படத்திலிருந்து எடு. வேறு எந்தப் படத்திலும் அந்த க்ளாஸ் இல்லையென்றால் கீழே ஒரு பட்டையில் ‘மாடலில் இன்னும் இருக்கிறது’ என்று வரும், பக்கத்திலேயே ‘அங்கிருந்தும் நீக்கு’. வேலையை நிறுத்தி எதையும் கேட்பதில்லை.

பெட்டிக்குள் எழுதுவது. பெட்டியை வைத்ததும் கர்சர் பெயரில் நிற்கிறது. என்டர் அடித்தால் அட்ரிபியூட் வரி. இன்னொரு என்டர், அடுத்த வரி. காலி வரியில் என்டர் அடித்தால் முடிந்தது. வகையை எழுதாமல் விட்டால் கேட்பதில்லை. மாடலில் இல்லாத வகையை எழுதினால் அதையும் ஏற்றுக்கொண்டு அடியில் புள்ளிக்கோடு மட்டும் போடுகிறது, பின்னால் அந்த வகை உருவானதும் தானாகச் சேர்ந்துகொள்கிறது. ‘நேரம் வரும் முன்பே முடிவு கேட்காதே’ என்பதை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துத்தான் இந்தப் பகுதியை எழுதினேன்.

இங்கே ஒரு தவறு செய்தேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும் என்று சொல்கிறேன். ஏற்கெனவே இருக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுத்துத் தட்டச்சு செய்தால், முதல் கீயில் எழுதும் கட்டம் திறக்கும்படி வைத்தேன். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்குச் சரியாக வந்தது. தமிழிலோ வேறு மொழியிலோ உள்ளீட்டு முறை (பல கீகளைச் சேர்த்து ஓர் எழுத்தாக்கும் மென்பொருள்) வைத்து எழுதுபவர்களுக்கு முதல் எழுத்து தொலைந்தது, ஏனென்றால் எழுத்து உருவாகத் தொடங்கும் நேரத்தில் கட்டமே திறந்திருக்கவில்லை. ‘வாடிக்கையாளர்’ என்று அடித்தால் ‘ஆடிக்கையாளர்’ என்று வந்ததாக ஒருவர் படம் எடுத்து அனுப்பினார். இப்போது பெட்டியைத் தேர்ந்தெடுத்தவுடனே கண்ணுக்குத் தெரியாமல் கட்டம் திறந்து ஃபோகஸோடு காத்திருக்கிறது.

ஓரப் பிடியை முதலில் மவுஸ் மேலே வந்தாலே தோன்றும்படி வைத்தேன். சின்னப் பெட்டிகளில் பிடிதான் பெட்டியைவிடப் பெரிதாகத் தெரிந்தது, நகர்த்தப் போனவர்கள் எல்லாம் கோடு இழுத்தார்கள். இப்போது தேர்ந்தெடுத்த பெட்டிக்கு மட்டும், அதுவும் எல்லைக்கு வெளியே சில பிக்சல் தள்ளி வருகிறது. டூல்பார் ஐகானில் டபுள் க்ளிக் செய்தால் எஸ்கேப் அடிக்கும்வரை அந்தக் கருவியே கையில் நிற்கும். இது மிக எளிய மாற்றம், ஆனால் அதிகம் நன்றி வந்தது இதற்குத்தான்.

பழைய டயலாக் எஃப்4 கீயில் அப்படியே இருக்கிறது. ஒரு கட்டமும் இடம் மாறவில்லை. ஒன்றே ஒன்று சேர்த்தேன்: திறக்கும்போது பெயர்க் கட்டத்தில் ஃபோகஸ். தேர்ந்தெடுத்த பெட்டிகளுக்கு மட்டும் அடுக்குவது இன்னும் தொடங்கவில்லை. அடுத்து அதுதான்.

என் குழுத் தோழியை நேற்று மறுபடி உட்காரவைத்து அதே ‘ஆர்டர்’ படத்தை வரையச் சொன்னேன். நோட்டு மேஜையில்தான் இருந்தது. பாதியில் அதை ஒருமுறை எடுத்தார், அதில் இரண்டு கோடு போட்டுப் பார்த்தார், திரும்ப வந்து மீதியைத் திரையிலேயே முடித்தார். மூன்றாவது அட்ரிபியூட்டின் பெயரை அடித்ததும் அவர் கை தானாக டேப் கீக்குப் போனது. அங்கே நான் எதையும் வைக்கவில்லை, கர்சர் பெட்டியை விட்டே வெளியே போய்விட்டது. டேப் அடித்தால் அதே வரியில் வகைக்குப் போக வேண்டுமா, அடுத்த அட்ரிபியூட்டுக்கா, அடுத்த பெட்டிக்கா? குழுவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

அட்டவணைக்காரி எழுதியது:

வகைக்கு. முக்காற்புள்ளியை நீங்களே போட்டுக்கொடுங்கள், நான் டேப் மட்டும் அடிக்கிறேன். டயலாக்கில் பெயருக்கு அடுத்த தட்டு வகைதானே? இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால் கைக்குக் குழப்பம் வராது. ஷிஃப்ட் டேப் பெயருக்குத் திரும்பட்டும்.

எஃப்4-க்கு நன்றி.